காட்டுக்கீரை பறிக்க எங்கிருந்து தொடங்குவது? போன் செயலி போதுமா?

கோவைக்கு வெளியே அரை ஏக்கர் வாங்கியிருக்கிறீர்கள். மழை பெய்ததும் வரப்பெல்லாம் கீரையும் காளானும் முளைக்கின்றன, வேலியோரம் தோண்டினால் ஏதோ கிழங்கு வருகிறது. எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். செடியின் பெயர் சொல்லும் செயலி போனில் இருக்கிறது, அது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் 7 வயதில் மகள் இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் ஒரு கேள்விதான் தெரிகிறது: ‘எதிரில் நிற்கும் செடியை வாயில் போடலாம் என்று என் கண்ணை நான் எப்போது நம்பலாம்?’ அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பட்டியல் தரமாட்டேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்பவருக்கு, முன்னால் இருக்கும் செடி அந்தப் பட்டியலில் உள்ளதுதானா என்பதே தெரியாது.

நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் தின்னும் செடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தாராபுரம், பல்லடம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் களையெடுக்கும் பெண்களிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக் கற்றது. சமவெளிக் கீரைகளைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மலைக்கிழங்குகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவேன். காளானில் எச்சரிக்கை மட்டும்தான் என்னால் தரமுடியும். நான் மருத்துவர் இல்லை, அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதன்முதலில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. சோளக்காட்டில் ஒரு செடியைக் காட்டி, “இது தின்னலாமுங்களா ஆத்தா?” என்று கேட்டேன். அவர் செடியைப் பார்க்கவேயில்லை, என்னைப் பார்த்தார். “இது மொளைக்கறப்போ பாத்துருக்கீங்களா? பூத்து நிக்கறப்போ பாத்துருக்கீங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அது பண்ணைக்கீரைதான், நல்ல கீரைதான். ஆனாலும் எனக்கு வேண்டாம் என்றார். தின்னத் தகுந்த செடி, அதைத் தின்னத் தகுதியான ஆள் என்று இரண்டு கணக்கு அவரிடம் இருந்தது. என் படிப்பில் முதல் கணக்கு மட்டும்தான் இருந்தது.

ஆகவே ஐந்து செடிகளோடு தொடங்குங்கள். உங்கள் பக்கத்துக்கு நான் சொல்வது குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, முடக்கத்தான், தரைப்பசலை. முதல் மூன்றும் தண்டுக்கீரையின் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நம் வரப்பில் முளைக்கும் கீரைகளைக் கொழுந்தாகக் கிள்ளி வேகவைத்துத் தின்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. குப்பைக்கீரையின் இலைநுனி கூராக முடியாமல் லேசாகக் குழிந்திருக்கும். பண்ணைக்கீரை பூத்தால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூனைவால்போல் ஒரு கதிர் நிமிர்ந்து நிற்கும். தொய்யக்கீரையின் கதிர் மெல்லியது, நீண்டது, அதில் சின்னச்சின்ன இளஞ்சிவப்புப் பூக்கள் தள்ளித்தள்ளி இருக்கும். முடக்கத்தான் கொடியில் காற்றடைத்த பைபோல் மூன்று பட்டைக் காய் தொங்கும். அதை உடைத்தால் கறுப்பு விதை, அதன்மேல் வெள்ளையில் இதய வடிவப் பொட்டு. அந்தப் பொட்டை ஒருமுறை பார்த்தவர் முடக்கத்தானை மறக்கமாட்டார், அதனால் அதை முதலில் பழகுங்கள். முதல் மழைக்காலத்தில் எதையும் பறிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செடிக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, முளையிலிருந்து விதைவரை வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். விதையை எடுத்துத் தொட்டியில் போட்டு முளைக்க வையுங்கள். முளைப்பருவத்தில் எது எப்படி இருக்கும் என்பதைப் புத்தகப் படங்கள் அநேகமாகக் காட்டுவதில்லை. நாம் பறிப்பதோ இளஞ்செடியைத்தான்.

ஒரு செடியைத் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் அதன் ஜோடியையும் தெரிந்திருக்க வேண்டும். தரைப்பசலையைச் சில ஊர்களில் பருப்புக்கீரை என்பார்கள். தரையோடு படரும் சிவந்த சதைப்பற்றான தண்டு, கரண்டிபோல் தடித்த இலை. அதே தரையில் அதேபோல் சிவந்த தண்டோடு சித்திரப்பாலாடை படர்ந்திருக்கும். இரண்டையும் கிள்ளிப் பாருங்கள். தரைப்பசலையில் தெளிந்த நீர் கசியும், சித்திரப்பாலாடையில் வெள்ளைப் பால் வரும். பால் வந்தால் அது தரைப்பசலை இல்லை, அவ்வளவுதான். இதிலிருந்து ‘பால் வராத செடியெல்லாம் நல்லது’ என்று விதி செய்துவிடாதீர்கள். அத்தியில் பால் வரும், பழத்தைத் தின்கிறோம். ஊமத்தையில் பால் வராது.

சாரணையும் மூக்கிரட்டையும் இன்னொரு ஜோடி. இரண்டுமே தின்னப்படுபவைதான், ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒன்றை மற்றொன்று என்கிறார்கள். சாரணை இலையின் காம்படி விரிந்து ஒரு பைபோலத் தண்டைப் பிடித்திருக்கும், பூ அந்தப் பைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மூக்கிரட்டையின் பூ மெல்லிய காம்பில் வெளியே நீட்டிக்கொண்டு அடர்ந்த ஊதாச் சிவப்பில் இருக்கும், இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், காய் துணியில் ஒட்டும். இந்த இரண்டையும் கண்ணை மூடித் தடவியே பிரிக்கமுடிகிற நாள் வந்தால், உங்கள் கண் பழகிவிட்டது என்று சொல்வேன்.

செடியைத் தெரிந்தவர்களுக்கும் விபத்து நடக்கிறது, அது பெரும்பாலும் பறிக்கும் முறையில் நடக்கிறது. கைநிறையப் பிடித்து இழுத்தால் கீரையோடு பக்கத்தில் நிற்பதும் வரும். நானே பறித்துவந்த குப்பைக்கீரையில் விரல் நீளத்துக்கு ஓர் ஊமத்தங்கன்று கிடந்தது. ஆயும்போது என் மனைவி கண்டெடுத்தார். கசக்கியபோது வந்த குமட்டும் வாடைதான் காட்டிக்கொடுத்தது. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடைகளில் பையில் அடைத்து விற்ற இளங்கீரையில் ஊமத்தை இனக் களை கலந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண்பாவை விரிந்து, நெஞ்சு படபடத்து, பிதற்றும் நிலைக்குப் போனார்கள். பெரிய பண்ணையில் விளைந்த கீரைக்கே அந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்! ஒவ்வொரு தண்டாகக் கிள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் பரப்பி, வெளிச்சத்தில், ஒவ்வோர் இலையாகப் பாருங்கள். நம் மொழியில் இதற்குக் கீரை ஆய்வது என்று பெயர், ஆய்வு என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். கத்தியால் கட்டோடு நறுக்கும் பழக்கம் வந்தபிறகு ஆய்வது குறைந்துவிட்டது. கடைக்கீரைக்கு அது ஓரளவு ஒத்துவரும், வரப்புக்கீரைக்கு ஒத்துவராது. அடையாளம் தெரியாத ஓர் இலை வந்தாலும், அது என்னவென்று உறுதியாகத் தெரியும்வரை அந்தக் கீரை அடுப்பேறக்கூடாது.

பெயரையும் நம்பாதீர்கள். பசலை என்றால் ஒருவருக்குக் கொடிப்பசலை, இன்னொருவருக்குத் தரைப்பசலை, பத்திரிகைகளுக்கு வடநாட்டுப் பாலக். மூன்றும் மூன்று குடும்பம். பெயரால் வரும் ஆபத்தில் மிகப் பெரியது உங்கள் வேலியிலேயே இருக்கக்கூடும். செங்காந்தள், அதாவது நம் மாநில மலர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பந்தலிட்டுப் பயிர் செய்கிறார்கள். விவசாயிகள் அதைச் சொல்வது கண்வலிக்கிழங்கு என்று. பெயரிலேயே கிழங்கு இருப்பதால் தின்னலாம் என்று நினைத்துவிடவேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம், கிழங்கு கடுமையான விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. அவித்தாலும் விஷம் போகாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும், பிறகு உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். பிழைத்தவர்களுக்குக்கூட ஓரிரு வாரத்தில் முடி கொத்தாக உதிரும். கொடி இருக்கும்போது அடையாளம் எளிது: இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக நீண்டிருக்கும். கோடையில் கொடி காய்ந்துபோய்க் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். கலப்பைபோல் இரண்டாகக் கவைத்த அந்தக் கிழங்கைத்தான் தோண்டும்போது எடுப்பீர்கள், அப்போது இலையைப் பார்க்க வழியில்லை. அதனால் கொடியோடு பார்க்காத கிழங்கை அடுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காட்டுக்கிழங்கில் இன்னொரு சங்கதி உண்டு. மலைமக்கள் தின்னும் காட்டு வள்ளிகளில் சில, தோண்டி எடுத்தபடியே தின்றால் விஷம். சீவி, ஓடுநீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்த பிறகே உணவாகும். அடையாளம் சரியாக இருந்தும் சமையல் தெரியாமல் மாட்டிக்கொள்ள இடமுண்டு. அந்தச் சமையலை நான் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு உரிமையில்லை.

செயலி பற்றிக் கேட்டீர்கள். கூகுள் லென்ஸ், பிளாண்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் மூன்றையும் நானே பயன்படுத்துகிறேன். பூத்த செடியைத் தெளிவாகப் படமெடுத்துக் கொடுத்தால் பல சமயம் சரியாகச் சொல்லும். ஆனால் அது சொல்வது படத்துக்கு ஒத்த பெயரைத்தான். செடியைக் கிள்ளிப் பார்க்கவோ மோந்து பார்க்கவோ வேரைப் பிடுங்கிப் பார்க்கவோ அதனால் முடியாது. பூக்காத இளஞ்செடியில் அது தடுமாறும், நாம் கேட்பதோ அதைப் பற்றித்தான். மூன்றாவது ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் பக்கத்துக் காட்டில் களையெடுப்பவர், இரண்டாவது ஆள் ஒரு பருவம் முழுக்கப் பார்த்த உங்கள் கண். மூவரும் ஒத்துச் சொன்னால் பறிக்கலாம்.

ஊரில் சொல்லப்படும் சோதனைகளில் எதையும் நான் ஏற்பதில்லை. ‘ஆடு தின்றால் நாமும் தின்னலாம், குருவி கொத்தினால் நாமும் கொத்தலாம்’ என்பார்கள். இருவாச்சி எட்டிப்பழத்தைத் தின்று பறந்துபோகும். நமக்கு எட்டி விதை எமன். ‘கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார், ஒன்றும் ஆகவில்லையென்றால் தின்னு’ என்பதும் அப்படித்தான். சில நஞ்சுகள் அன்றைக்குக் காட்டாது. தவசிக்கீரையை மல்டி வைட்டமின் கீரை என்று வீடுதோறும் வைத்திருக்கிறோம், வேகவைத்து அளவாகத் தின்பதில் பிரச்சினை கேள்விப்பட்டதில்லை. 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க என்று அதையே பச்சையாக அரைத்து வாரக்கணக்கில் குடித்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரலின் சிறுகுழாய்கள் நிரந்தரமாக அடைபட்டன. 1975, 76 வாக்கில் இன்றைய சத்தீஸ்கரின் சர்குஜாவில் சாமைத் தானியத்தோடு கிலுகிலுப்பை இனக் களையின் விதை கலந்துபோய், அதைத் தின்றுவந்த பழங்குடிக் குடும்பங்களில் கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துப் பலர் மாண்டார்கள். அந்தத் தானியத்தை ஒருவேளை தின்று பார்த்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

காளானுக்கு வருகிறேன். புற்றுக்காளானின் ருசி எனக்கும் தெரியும். இடி இடித்த மறுநாள் புற்றைத் தேடிப் போகும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குபவரிடம் நான் சொல்வது: முதல் மூன்று ஆண்டுகள் காளானைப் பாருங்கள், படமெடுங்கள், தின்னாதீர்கள். ஏன் என்பதற்கு வீட்டிலேயே ஒரு செயல்முறை செய்யலாம். புல்தரையில் வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு, தண்டில் வளையத்தோடு ஒரு காளான் வரும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். குடையை மட்டும் எடுத்து, வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் தாளில் பாசிப்பச்சைப் பொடி வரிவரியாகப் படிந்திருக்கும். அதைத் தின்றவர்கள் ஓரிரு மணி நேரத்தில் வாந்தி, பேதியில் துவண்டுபோவார்கள். இளசாக இருக்கும்போது அதன் அடிமடல் வெறும் வெள்ளை, பச்சையின் சாயலே தெரியாது. அரிசி நிறம் மாறும், வெள்ளி கறுக்கும், பூச்சி அரித்தால் நல்லது என்ற சோதனைகள் எதுவும் இதைக் கண்டுபிடிக்காது. இதைவிடக் கொடியவை உண்டு. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் சமைத்துத் தின்ற 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். கல்லீரலைத் தாக்கும் காளான் நஞ்சின் கொடுமை, ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி தொடங்கும், அடுத்த நாள் தேறியதுபோல் இருக்கும், அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு அழியாது.

செடி சரியாக இருந்து இடம் தவறாக இருப்பதும் நடக்கும். வரப்பில் களைக்கொல்லி அடிப்பது இப்போது எங்கும் உண்டு. கிளைபோசேட் அடித்த செடி மறுநாளே வாடாது. மஞ்சளாகச் சில நாட்கள், சிலசமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை பச்சைப்பசேலென்று நிற்கும். பக்கத்து நிலத்துக்காரரிடம் எப்போது மருந்தடித்தீர்கள் என்று கேட்காமல் அந்த வரப்பில் கைவைக்காதீர்கள். நொய்யல் கரையிலும் சாயக்கழிவு பாய்ந்த வாய்க்கால்களிலும் பறிக்கவேண்டாம், தண்டுக்கீரை இனங்கள் மண்ணிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சி இலையில் சேர்க்கும். நெடுஞ்சாலை ஓரமும் வேண்டாம். சாக்கடை கலக்கும் குட்டையில் முளைத்த வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் பச்சையாகத் தின்பது டைஃபாய்டை விலைக்கு வாங்குவது.

மருத்துவக் குணம் பற்றிப் பேசப்படுவதில் உறுதி குறைவு. மூக்கிரட்டை சிறுநீரகத்தைச் சரிசெய்யும், முடக்கத்தான் மூட்டுவலியைப் போக்கும் என்று வீடியோக்கள் ஓடுகின்றன. கீரையாக வாரம் ஒருநாள் தின்பதற்கு அந்த நம்பிக்கை தேவையில்லை, மருந்தை நிறுத்திவிட்டுத் தின்பதற்கு அந்த நம்பிக்கை போதாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. தரைப்பசலை, புளியாரை, சாரணை மூன்றிலும் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது, மற்றவர்கள் வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டுக் கடையலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், கீரையை திடீரென்று கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்கவேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.

நிலத்தைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போக நினைத்தால், காப்புக்காட்டுக்குள் கிழங்கு தோண்டுவதும் இலை பறிப்பதும் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச்சட்டப்படி அனுமதி வேண்டிய காரியம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமை அங்கே காலங்காலமாக வாழும் மக்களுக்கு உரியது, நமக்கு இல்லை. அவர்கள் பிழைப்புக்கு எடுப்பதில் நாம் ஆசைக்குக் கைவைக்கக்கூடாது என்பது என் கருத்து.

தவறு நடந்துவிட்டால் செய்யவேண்டியது: மோர், புளிக்கரைசல், உப்புத்தண்ணீர் எதுவும் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் சமையலையும் பறித்த செடியையும் வேரோடு ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று எழுதிக்கொண்டு போங்கள். டெல்லி எய்ம்ஸில் தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கிறது, கட்டணமில்லா எண் 1800 116 117. மருத்துவரும் அங்கே கேட்கலாம். ‘இப்போது பரவாயில்லை’ என்று திரும்பிவிடாதீர்கள், மேலே காளானைப் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். சில செடிகளைப் பறித்தவுடனேயே பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, இடமும் தேதியும் எழுதிவைத்தால், அவசரத்தில் காட்டவும் உதவும், அடுத்த ஆண்டு ஒப்பிடவும் உதவும்.

உங்கள் மகளைப் பற்றி. கீரை பறிக்க அவளை அழைத்துப்போங்கள், குழந்தைகளின் கண் நம்மைவிடக் கூர்மையானது. ஆனால் கீரைக்கு முன்னால் மூன்று விதைகளை அவளுக்குக் காட்டுங்கள், ஏனென்றால் அவற்றுக்கு மழை வரவேண்டியதில்லை, இன்றைக்கே வேலியில் இருக்கும். காட்டாமணக்கின் விதை கடலைபோல் ருசிக்கும், அதனால்தான் பள்ளிப்பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். மஞ்சள் அரளியின் காய்க்குள் இருக்கும் பருப்பு இதயத்தை நிறுத்தக்கூடியது. குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக மணிபோல் இருப்பதால் பிள்ளைகள் கோத்து விளையாடுவார்கள். முழுதாக விழுங்கினால் பலசமயம் அப்படியே வெளியேறிவிடும், கடித்தால் உயிருக்கு ஆபத்து. மூன்றையும் அவள் கையில் கொடுத்து, பெயர் சொல்லி, ‘இது வாய்க்குப் போகாது’ என்று சொல்லி, பிறகு கை கழுவவையுங்கள். மறுநாள் வேலியில் எது எங்கே இருக்கிறது என்று அவளையே கண்டுபிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.